காவிரிப் பரிசல்: ஒரு குடும்பம், இரண்டு கலங்கள்

காவிரியிலும் அதன் நீர்த்தேக்கங்களிலும் மீன் பிடிப்போரின் கலம் பரிசல். மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அடியில் நீர் புகாத உறை போர்த்தினால் பரிசல் தயார். அதில் பெரும்பாலும் இருவர் இருப்பார்கள். ஒருவர் துடுப்புப் போடுவார். மற்றவர் வலையை விடுவார், இழுப்பார், மீனைக் கழற்றுவார். பல இடங்களில் அந்த இருவர் கணவனும் மனைவியும். ஆகவே பரிசல் வாங்குவது, அதிலும் இரண்டாவது பரிசல் வாங்குவது, காவிரிக் கரையில் குடும்பத்தின் உழைப்பை எப்படிப் பகிர்வது என்ற கேள்வியாகவே இருந்து வந்திருக்கிறது. பரிசலின் வரலாறு இந்தக் கேள்வியோடு பிணைந்தது.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரிலேயே ஓடுகிறது, வடகிளை கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் திருவரங்கத் தீவு இருக்கிறது. கிழக்கே கல்லணை அருகில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்குகின்றன. காவிரியின் தென்புறத்தில், தஞ்சாவூர் சாலையில், திருவெறும்பூருக்கு முன்னால் இருப்பது காட்டூர். இன்று அது நகரத்தோடு சேர்ந்துவிட்ட குடியிருப்புப் பகுதி. ஆனால் சுற்றுவட்டாரம் முழுவதும் ஆறு, வாய்க்கால், குளம் ஆகியவற்றால் ஆனது. நகரின் ஊடாக ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தது. அது வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிறது. திருவெறும்பூரை அடுத்த கூத்தைப்பாரிலும் பெரிய குளம் உண்டு. ஆற்று மீன், குளத்து மீன் இரண்டும் இந்தப் பகுதியின் சந்தைக்கு வந்தவை.

இந்த நீர்ப்பரப்பில் கலமேறிச் செல்வது மிகப் பழைய வழக்கம். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் திருவரங்கத்தை அடைந்து, அங்கிருந்து ஓடமேறித் தென்கரைக்கு வந்து, உறையூர் போகிறார்கள். அதே காப்பியத்தில் வையை ஆற்றின் துறையில் குதிரை, யானை, சிங்க முகங்கள் கொண்ட அம்பிகள் நிற்கின்றன. மீன்பிடித் தொழிலில் ஆணும் பெண்ணும் வேலையைப் பிரித்துக்கொண்டதற்கும் சங்க இலக்கியம் சான்று தருகிறது. ஐங்குறுநூற்றின் மருதத் திணைப் பாடல்களில் பாணர் குடியைச் சேர்ந்த பெண் வீடு வீடாக மீனைக் கொடுத்து நெல் பெறுகிறாள். பிடிப்பது ஆண், விற்பது பெண் என்ற அந்தப் பிரிவினை பல நூற்றாண்டுகள் நிலைத்தது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய தொகுப்பில், செம்படவர்கள் என்னும் மீனவக் குலத்தார் குளம், ஏரி, ஆறு ஆகியவற்றில் மட்டும் மீன் பிடிப்பவர்கள், கடலுக்குப் போகாதவர்கள் என்று குறிக்கப்பட்டிருக்கிறார்கள்.

வட்டக் கலம் காவிரிக்கு மட்டும் உரியதல்ல. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், யூப்ரடீஸ் ஆற்றில் பாபிலோனுக்குச் சரக்கு இறக்கிவந்த வட்டமான தோல் படகுகளை விவரித்தார். ஈராக்கில் அவ்வகைக் கலம் ‘குஃபா’ என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டிலும் ஓடியது. தென்னிந்தியாவைப் பொறுத்தவரை தெளிவான பழைய வர்ணனை போர்ச்சுகீசியப் பயணி டொமிங்கோ பயஸ் எழுதியது. ஏறத்தாழ 1520-இல் விஜயநகரத்துக்கு வந்த அவர், ஆனெகுந்தி செல்லும் வழியில் துங்கபத்திரையைக் கடக்கக் கூடை போன்ற வட்டப் படகுகள் பயன்பட்டதைக் கண்டார். உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாக இருந்த அவற்றில் பதினைந்து இருபது பேர் ஏறினர். தேவைப்பட்டால் குதிரையும் மாடும்கூட ஏற்றப்பட்டன. 1803-ஆம் ஆண்டு மராத்தியப் போரில் ஆர்தர் வெல்லெஸ்லி தம் படை ஆறுகளைக் கடக்க இதே வகைக் கலங்களைச் செய்வித்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசல்களை நேரில் ஆராய்ந்து எழுதினார். அவருடைய எழுத்துகள் இன்றும் இத்துறையில் அடிப்படையானவை.

பரிசல் இந்த ஆறுகளுக்குப் பொருந்தியதற்குக் காரணங்கள் உண்டு. காவிரியின் மேல்பகுதியில் பாறைகள் நிறைய. பலகைப் படகு பாறையில் மோதினால் உடையும். மூங்கில் பின்னல் வளைந்து கொடுக்கும். கீழ்ப்பகுதியில் கோடையில் நீர் வற்றி, மணலுக்கு நடுவே மடுக்கள் மட்டும் மிஞ்சும். அங்கே கலத்தைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு ஒரு மடுவிலிருந்து அடுத்த மடுவுக்கு நடக்க வேண்டும். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் அரை அடி ஆழ நீரிலும் பரிசல் மிதக்கும். குறிப்பிட்ட நீளமுள்ள விளிம்பு கொண்டு மிகுதியான பரப்பை அடைக்கும் வடிவம் வட்டமே. ஆகையால் குறைந்த மூங்கிலில், குறைந்த தோலில், அதிக இடம் கிடைத்தது.

செய்முறையும் எளிது. முதிர்ந்த மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, நடுவில் கண்ணறைகள் விழும்படி பின்னுவார்கள். அளவு வந்ததும் ஓரங்களை மேல்நோக்கி வளைத்து, மெல்லிய சிம்புகளைச் சுற்றிலும் நெருக்கமாகப் பின்னி விளிம்பு கட்டுவார்கள். அந்த விளிம்பே கலத்தின் வலிமை. பிறகு அடியில் உறை. பழைய காலத்தில் அது எருமைத் தோல் அல்லது மாட்டுத் தோல். தோல் நீரில் ஊறினால் கனக்கும், அழுகும். ஆகையால் வேலை முடிந்ததும் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து வெயிலில் காயவைப்பது கட்டாயமாக இருந்தது. அப்படிக் காயும்போது மாற்றுக் கலம் கையில் இருந்தால்தான் அன்றாடத் தொழில் தடையில்லாமல் நடக்கும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு கலங்கள் வேண்டியதன் முதல் காரணம் இதுவே.

பரிசலில் ஏன் இருவர் என்பதை அதன் வடிவமே விளக்கும். நீளமான படகுக்கு முனை உண்டு. ஒருமுறை துடுப்புப் போட்டால் சிறிது தூரம் நேராகப் போகும். வட்டக் கலத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்பை ஒரு பக்கம் இழுத்தால் கலம் சுழலும். எனவே துடுப்புக்காரர் போகும் திசையைப் பார்த்து ஓரத்தில் அமர்ந்து, முன்னால் இருக்கும் நீரை வலமும் இடமுமாக மாற்றி மாற்றித் தம்மை நோக்கி இழுக்கிறார். கை ஓய்ந்தால் நீரோட்டமும் காற்றும் கலத்தை விரும்பிய பக்கம் திருப்பிவிடும். செவுள் வலை விடுவதற்கோ இரண்டு கையும் வேண்டும். வலை சிக்காமல் இறங்க, கலம் ஒரே சீராக நகரவும் வேண்டும். தனி ஆளால் இதைச் செய்ய முடியாது என்றில்லை. ஆனால் ஒவ்வொரு சில முழத்துக்கும் வலையைக் கீழே வைத்துவிட்டுத் துடுப்பை எடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது ஆள் வந்ததும் வலையின் நீளம் பல மடங்கு கூடும்.

வேறு நாடுகளிலும் இந்தச் சிக்கல் எழுந்து, வெவ்வேறு விடைகள் கிடைத்தன. வட பசிபிக்கின் அலூசியன் தீவுகளில் வாழ்ந்த மக்கள் இரண்டு ஆள் அமரும் தோல் கயாக் செய்தார்கள். பின்னால் இருப்பவர் கலத்தை நிலைநிறுத்த, முன்னால் இருப்பவர் வேட்டைக் கருவியை எறிந்தார். கிரீன்லாந்தில் கயாக் ஆணின் தனிக் கலமாக இருந்தது; குடும்பமும் சாமான்களும் செல்லும் பெரிய தோல் படகைப் பெண்கள் துடுப்பிட்டு ஓட்டினர். வேல்ஸ் நாட்டின் டைவி, டவி ஆறுகளில் கலத்துக்கு ஒருவர் வீதம் இரண்டு பரிசல்கள் இணையாக மிதந்து வரும். நடுவில் வலை தொங்கும். சால்மன் மீன் பிடிக்க அங்கே இரண்டாவது கலம் இல்லாமல் தொழிலே இருந்ததில்லை. காவிரிக்காரர்கள் தேர்ந்தது ஒரே வட்டக் கலத்தில் இருவர் அமரும் முறை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றின் போக்கு மாறத் தொடங்கியது. கொள்ளிடம் ஆழமாகி நீரையெல்லாம் இழுத்துக்கொள்ள, காவிரிக் கிளை மணல் மேடிட்டு வந்தது. இதைச் சரிசெய்ய ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் மேலணை கட்டப்பட்டது. கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணை எழுந்தது. பாசனத்துக்குப் பெரும் நன்மை விளைந்தது. ஆனால் கடலிலிருந்து முட்டையிட ஆறேறி வந்த உள்ளம் என்னும் மீனின் பாதை மறிக்கப்பட்டது. சென்னை மாகாண மீன்வளத் துறை 1907-இல் உருவான பின், கொள்ளிடத்தில் உள்ளம் மீனைச் செயற்கை முறையில் பொரிக்க வைக்கும் முயற்சிகள் நடந்தன. அவை அம்மீனை மீட்கவில்லை.

1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை அடுத்த பெரிய திருப்பம். வெள்ளம் கட்டுக்குள் வந்தது. தண்ணீர் திறக்கும் நாள் அரசின் முடிவாயிற்று. ஜூன் 12-இல் அணை திறப்பது மரபானது. திருச்சிப் பகுதி மீனவர்களுக்கு இதனால் தொழிலின் காலம் மாறியது. பாசன நீர் ஓடும் மாதங்களில் காவிரிக் கிளையில் விசை அதிகம். நீர் நின்ற பின் மடுக்களில் தேங்கும் மீனே அறுவடை. கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்த பிறகுதான் வேலை. ஆண்டின் ஒரு பகுதியில் பரிசல் கரையில் கவிழ்ந்து கிடந்தது. பாலங்கள் வந்த பின் ஆள் ஏற்றும் தொழிலும் இப்பகுதியில் சுருங்கியது. 1890-ஆம் ஆண்டின் கால்வாய்கள், பொதுத் துறைகள் சட்டத்தின் கீழ் குத்தகைக்கு விடப்பட்ட பரிசல்துறைகள் மேல்காவிரியிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடி போன்ற இடங்களிலும்தான் நீடித்தன.

அதே அணை மேலே புதியதொரு மீன்பிடிப்பை உண்டாக்கியது. நிரம்பினால் சுமார் 15,000 ஹெக்டேர் பரவும் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஆறு ஏரியாக மாறியது. மீன்வளத் துறை கோதாவரிப் படுகையின் கட்லாவைக் காவிரிக்குக் கொண்டுவந்து பெருக்கியது; பின்னர் ரோகு, மிர்கால் குஞ்சுகளும் விடப்பட்டன. 1952-இல் இந்தியாவுக்குள் வந்த திலேப்பியா, மக்கள் வாயில் ஜிலேபிக் கெண்டையாகி எல்லா நீர்நிலைகளிலும் பரவியது. ரங்கூன் வலை என்ற அடிக்கயிறு இல்லாத செவுள் வலை மேட்டூரின் முக்கிய வலையாயிற்று. மாலையில் வலையை விட்டுவிட்டு விடியலில் எடுப்பது வழக்கம்.

இந்த வேலை முறைதான் மனைவியைக் கரையிலிருந்து கலத்துக்குள் கொண்டுவந்தது. கூலிக்கு ஆள் வைத்தால் பிடித்த மீனில் பங்கு போய்விடும். நீர்த்தேக்கக் கரையில் குடிசை போட்டுத் தங்கிய குடும்பங்களில் கணவன் வலையைப் பிடிக்க, மனைவி துடுப்புப் போட்டார். மேட்டூர், பவானிசாகர் ஆகிய நீர்த்தேக்கங்களில் இது சாதாரணக் காட்சி. கர்நாடகத்தின் ஹுன்சூர் பகுதியிலிருந்து கேரள ஆறுகளுக்குப் பரிசலோடு போய்த் தங்கி மீன் பிடிக்கும் குடும்பங்களும் கணவன் மனைவி இணையாகவே தொழில் செய்கின்றன. ஓட்டத்தையும் காற்றையும் கணித்துக் கலத்தை வலைக்கு ஏற்றபடி நகர்த்துவது உயர்ந்த கைத்திறன். அத்திறன் பெண்களிடம் இருந்தது. ஆனால் உரிமமும் பங்குக் கணக்கும் நெடுங்காலம் ஆணின் பெயரிலேயே எழுதப்பட்டன. இந்தத் தொழிலின் வரலாற்றில் திருத்தப்பட வேண்டிய பெரும் குறை அதுதான்.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பொருள்கள் மாறின. சணல், பருத்தி நூல் வலைகளுக்குப் பதிலாக நைலான் வந்தது. நூல் வலை நீரை உறிஞ்சிக் கனத்தது, அடிக்கடி காயவைக்காவிட்டால் மக்கியது. நைலான் மெல்லியது, இலேசானது, மக்காதது. ஒரு பரிசலில் முன்னைவிட அதிக வலையை ஏற்ற முடிந்தது. தோலின் இடத்தைத் தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் பிடித்தன. உரச்சாக்குகளைத் தைத்துப் போர்த்தி, மேலே தாரைக் காய்ச்சிப் பூசினால் உறை தயார். கிழிந்த இடத்தில் மறுபடி தார் வைத்தால் போதும். அடுத்து கண்ணாடியிழைப் பரிசல் வந்தது. அதற்கு ஆண்டுதோறும் தார் பூச வேண்டாம். நாள் முழுதும் நீரில் கிடந்தாலும் கெடாது. ஆனால் பாறையில் மோதினால் வெடிக்கும், பழுது பார்க்கத் தனிப் பொருளும் பழக்கமும் வேண்டும். மூங்கில் பரிசலைச் சொந்தக்காரரே கரையில் உட்கார்ந்து சீர்செய்துகொள்வார்.

காயவைப்பதற்காக மாற்றுக் கலம் வேண்டும் என்ற பழைய தேவை இந்த மாற்றங்களால் மறைந்தது. இரண்டாவது பரிசலுக்குப் புதிய காரணங்கள் எழுந்தன. வலை பெருகியது, இருவரும் தொழில் தெரிந்தவர்கள் ஆனார்கள், பிள்ளைகள் வளர்ந்து கை கொடுத்தார்கள். இப்போது குடும்பத்தின் முன் மூன்று வழிகள் இருந்தன. பழையதை விட்டுப் பெரிய பரிசல் ஒன்று வாங்கலாம். முதலாவதைப் போலவே இன்னொன்று வாங்கலாம். அல்லது தனி ஆள் ஓட்டத்தக்க சிறியது ஒன்றைச் சேர்க்கலாம்.

அளவுக் கணக்கு இதில் முக்கியம். காவிரியின் மீன்பிடிப் பரிசல் பொதுவாக 6 அடி விட்டத்தை ஒட்டியது. ஒகேனக்கல்லில் ஆள் ஏற்றும் பரிசல் 7 அடிக்குச் சற்று மேல். 6 அடி வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர அடி. 7 அடி வட்டத்துக்கு 38. விட்டம் ஓரடி கூடினால் இடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. அடி தட்டையாக இருப்பதாகக் கொண்டால், 6 அடிப் பரிசல் ஓர் அங்குலம் கூடுதலாக அமிழ ஏறக்குறைய 65 கிலோ சுமை வேண்டும். 7 அடிப் பரிசலுக்கு 90 கிலோ. இருவரும், நனைந்த வலையும், மீனும் சேர்ந்தால் சிறிய பரிசல் சில அங்குலம் அமிழும். கரையை ஒட்டிய வேலைக்கும் மடுக்களுக்கும் அது போதும். ஆடிக் காற்றில் அலை எழும் நீர்த்தேக்கத்தில் விளிம்புக்கும் நீருக்கும் இடையே உள்ள உயரமே உயிர்க்காப்பு. அங்கே பெரியது தேவை. ஆனால் பெரியதை ஒருவர் தலைமேல் தூக்கி மணலில் நடப்பது கடினம். ஒருவர் துடுப்புக்கு அது அசைவதும் மெதுவாகவே இருக்கும்.

ஆகவே இரண்டாவது பரிசலின் அளவை நீர்நிலையே பெரும்பாலும் முடிவு செய்கிறது. மேட்டூர் போன்ற அகன்ற நீரில் பெரிய பரிசல் ஒன்றில் இருவரும் சேர்ந்து போவதே பாதுகாப்பு. கொள்ளிடத்து மடுக்கள், திருச்சியைச் சுற்றியுள்ள ஏரி குளங்கள் போன்ற இடங்களில் ஒரே அளவான இரண்டு சிறிய பரிசல்கள் அதிகப் பயன் தரும். இரண்டும் சேர்ந்தால் வலையின் இரு தலைப்பையும் பிடித்துக்கொண்டு மடுவை வளைக்கலாம். பிரிந்தால் ஒருவர் வலை பார்க்க மற்றவர் தூண்டில் போடலாம், அல்லது பிடித்ததைக் கரை சேர்க்கலாம். ஒன்று பழுதானால் இருவரும் மற்றதில் ஏறிக்கொள்ளலாம். எந்த வழியானாலும் பார்க்க வேண்டியவை சில உண்டு: துடுப்பு, அதைப் பிடிப்பவரின் உயரத்துக்கும் தோள் வலுவுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும், கலத்தை அவரே தனியாகத் தூக்கிக் கவிழ்க்க முடிய வேண்டும், விளிம்பின் பின்னல் எங்கும் தளர்ந்திருக்கக் கூடாது. புதுப் பரிசலை வலுவுள்ளவருக்கும் தார் உரிந்த பழையதை மற்றவருக்கும் ஒதுக்குவது ஆபத்தான வழக்கம். தனியாக நீரில் இருப்பவருக்கே நல்ல கலம் தேவை; இருவருக்கும் மிதவைச் சட்டை தேவை.

கதவணைகள் உள்ள ஆற்றில் இன்னொரு எல்லையும் உண்டு. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளத்தின்போது முக்கொம்பில் கொள்ளிடத்துக்கான மேலணையின் ஒன்பது கதவுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதன் அருகே புதிய கதவணை கட்டப்பட்டது. கதவு திறக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் நீரின் இழுப்பை எந்தத் துடுப்பாலும் எதிர்க்க முடியாது. நீர் திறப்பு அறிவிப்பைக் கேட்டு, அணையிலிருந்து விலகி நிற்பது எந்தப் பரிசலுக்கும் பொதுவான விதி.

இறுதியாக, யார் பெயரில் என்ற கேள்வி. தமிழ்நாட்டில் மீனவர் நல வாரியம் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. மீன்பிடித் தொழிலிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபடுவோர் அதில் உறுப்பினராகலாம். 2020-இல் தொடங்கிய பிரதமர் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் தனிப் பயனாளிகளுக்கான பிரிவுகளில் பொதுப் பிரிவினருக்குச் செலவில் 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியமாக வரையறுக்கப்பட்டது. முதல் பரிசல் கணவன் பெயரில் இருந்தால், இரண்டாவதை மனைவியின் பெயரில் வாங்குவது பொருளாதார நோக்கிலும் நியாயமானது, உழைப்பின் நோக்கிலும் நியாயமானது. அப்போது துடுப்புப் போட்டவர் உதவியாளராக அல்லாமல் மீனவராகப் பதிவு பெறுகிறார். வாரிய உதவி, காப்பீடு, உரிமம் ஆகியவற்றைத் தம் பெயரிலேயே கோரும் நிலைக்கு வருகிறார்.